சாப்பிடாமலே சர்க்கரை ஏறுவது ஏன்? விடை தேடிய பெர்னார்டோ ஹூசே

சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒரு விசாரணை உண்டு. இரவு எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தி, அதோடு சாப்பாடு முடிந்தது. காலையில் வெறும் வயிற்றில் விரலில் குத்திப் பார்த்தால் மீட்டர் 180 என்று காட்டுகிறது. "ராத்திரி எழுந்து என்ன சாப்பிட்டீங்க வாப்பா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அலமாரியில் இருக்கும் அல்வா டப்பாவைத் திறந்து பார்ப்பார்கள். வாப்பா எவ்வளவு மறுத்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பல வேளைகளில் வாப்பா சொல்வது உண்மையாகவே இருக்கும். எதையும் சாப்பிடாமல் இரத்தத்தில் சர்க்கரை ஏற முடியும். உணவு மட்டும்தான் சர்க்கரையை ஏற்றுகிறது என்று நாம் நினைத்துக் கொண்டிருப்பதால், நோயாளியை நோயாளியாகப் பார்க்காமல் குற்றவாளியாகப் பார்க்கிறோம்.

உடலின் உள்ளிருந்தே சர்க்கரையை ஏற்றும் ஆற்றல்கள் இருக்கின்றன என்பதை ஆய்வுகள் மூலம் நிறுவியவர்களில் முதன்மையானவர் அர்ஜென்டினா நாட்டு மருத்துவர் பெர்னார்டோ ஆல்பெர்டோ ஹூசே. இன்சுலினைக் கண்டுபிடித்த பாண்டிங்கின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஹூசேயின் பெயர் நம் பக்கம் அதிகம் தெரியாது. ஆனால் சர்க்கரை நோயை இன்று மருத்துவர்கள் புரிந்துகொள்ளும் முறையில் பாதி அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஒரு தேக்கரண்டி சர்க்கரை

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் இருக்கிறது. அந்த முழு இரத்தத்திலும் கரைந்திருக்கும் சர்க்கரை, ஆரோக்கியமானவருக்கு, சுமார் ஐந்து கிராம். அதாவது ஒரு தேக்கரண்டி. இது இரண்டு மடங்கானால் நோய். பாதியானால் மயக்கம்.

ஆனால் மூளை மட்டுமே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரையைச் செலவழிக்கிறது. நாம் தூங்கும்போதும் அது வேலை செய்கிறது. நோன்பு வைத்திருக்கும்போதும் வேலை செய்கிறது. இரத்தத்தில் இருக்கும் ஐந்து கிராம் அதற்கு ஒரு மணி நேரத்துக்குத்தான் காணும். அப்படியானால் சாப்பிடாத நேரங்களில் சர்க்கரை எங்கிருந்து வருகிறது?

கல்லீரலிலிருந்து வருகிறது. சாப்பிட்ட பிறகு மிஞ்சும் சர்க்கரையைக் கல்லீரல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. சாப்பிடாத நேரத்தில் அதைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. சேமிப்பு குறையும்போது புரதம் முதலியவற்றிலிருந்து புதிதாகவும் சர்க்கரையைத் தயாரிக்கிறது. பஃஜ்ர் முதல் மஃரிப் வரை நாம் பசித்திருந்தும் நினைவு தவறாமல் நடமாடுகிறோம் என்றால் அதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

இந்தக் கிடங்கை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று கட்டளையிடுவது யார்? ஹூசேயின் வாழ்நாள் ஆய்வில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தது.

கணையத்தோடு நின்றுவிட்ட சிந்தனை

1889ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அந்த நாய்க்குக் கடுமையான சர்க்கரை நோய் வந்தது. நோயின் வேர் கணையத்தில் இருக்கிறது என்று உலகம் அறிந்துகொண்டது. 1921இல் கனடாவின் டொரான்டோ நகரில் பாண்டிங்கும் அவருடைய உதவியாளர் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. சாவின் விளிம்பில் இருந்த பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள். அடுத்த ஆண்டே நோபல் பரிசு கொடுக்கப்பட்டது.

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு விஷயம் முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணியதில் வியப்பில்லை. கணையம் இன்சுலின் தருகிறது. இன்சுலின் சர்க்கரையைக் குறைக்கிறது. அது குறைந்தால் நோய். இதற்கு மேல் என்ன இருக்கிறது என்றுதான் அன்றைய பொதுக் கருத்து இருந்தது.

ஆனால் தென் அமெரிக்காவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் ஒருவர் வேறொரு சுரப்பியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பதினேழு வயதில் மருந்தாளுநர்

ஹூசே 1887 ஏப்ரல் 10ஆம் நாள் பியூனஸ் அயர்ஸில் பிறந்தார். பெற்றோர் பிரான்ஸிலிருந்து குடியேறியவர்கள். தந்தை வழக்கறிஞர். படிப்பில் அசாத்திய வேகம் கொண்ட அந்தச் சிறுவர் 14 வயதிலேயே மருந்தியல் கல்லூரியில் சேர்ந்தார். 17 வயதில் பட்டம் பெற்றார். அதன் பிறகு மருத்துவம் படிக்கப் போனார்.

மருத்துவ மாணவராக இருந்தபோதே அவருடைய கவனம் பிட்யூட்டரி என்ற சுரப்பியின் மீது விழுந்தது. மூளையின் அடியில், பட்டாணி அளவில், அரை கிராம் எடையோடு தொங்கிக்கொண்டிருக்கும் உறுப்பு அது. அதன் வேலை என்ன என்பது அன்று தெளிவாகத் தெரியாது. 1911இல் அவர் சமர்ப்பித்த மருத்துவப் பட்ட ஆய்வும் அதைப் பற்றியதுதான்.

1919இல், 32 வயதில், பியூனஸ் அயர்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியரானார். தனியாக நோயாளிகளைப் பார்த்துச் சம்பாதிப்பதை விட்டுவிட்டு முழு நேரமும் ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் கொடுத்தார். அன்றைய அர்ஜென்டினாவில் இது புதிய வழக்கம். மருத்துவப் பேராசிரியர் என்றால் காலையில் வகுப்பு, மாலையில் சொந்த கிளினிக் என்பதுதான் நடைமுறை. அவருடைய மனைவி மரியா ஆஞ்செலிகா கத்தான் ஒரு வேதியியலாளர். மூன்று ஆண் பிள்ளைகளும் மருத்துவர்களானார்கள்.

அவர் உருவாக்கிய உடலியங்கியல் நிறுவனம் சில ஆண்டுகளில் உலகம் திரும்பிப் பார்க்கும் ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மட்டுமே பெரிய ஆய்வு நடக்கும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில் இது நடந்தது.

தேரையும் நாயும் சொன்ன செய்தி

இன்சுலின் கைக்கு வந்தவுடன் ஹூசே அதைப் பிட்யூட்டரி அகற்றப்பட்ட நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார். சாதாரண நாய் எளிதில் தாங்கிக்கொள்ளும் சிறிய அளவு இன்சுலினே அவற்றை ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோனது. சர்க்கரை வேகமாக இறங்கியது.

இது ஒரு முக்கியமான துப்பு. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் இழுப்பவர் கையை விட்டால் மறுபக்கம் இருப்பவர் பின்னால் விழுவார். பிட்யூட்டரி இல்லாதபோது இன்சுலினின் பலம் இவ்வளவு கூடுகிறது என்றால், பிட்யூட்டரி இருக்கும்போது அது இன்சுலினுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள்?

இதை உறுதிசெய்ய அவருக்குத் தென் அமெரிக்கத் தேரை உதவியது. தேரைக்குப் பிட்யூட்டரியை அகற்றுவது எளிது. கணையத்தை மட்டும் எடுத்தால் தேரைக்குச் சர்க்கரை நோய் வருகிறது. பிட்யூட்டரியையும் சேர்த்து எடுத்தால் நோய் மிகவும் தணிந்துவிடுகிறது. பிட்யூட்டரியின் முன்பகுதித் துண்டை மீண்டும் உடலுக்குள் வைத்தால் நோய் திரும்பி வருகிறது.

அடுத்து நாய்கள். 1930இல் ஹூசேயும் அவருடைய உடன் ஆய்வாளர் பியாசோட்டியும் முடிவுகளை வெளியிட்டார்கள். கணையம் இல்லாத நாய் இன்சுலின் இல்லாமல் விரைவில் இறந்துவிடும். கணையத்தோடு பிட்யூட்டரியும் இல்லாத நாய் அதைவிட மிக நீண்ட நாட்கள் உயிரோடு இருந்தது. அதன் நோயும் கடுமையாக இல்லை. இன்சுலின் சுரக்கும் உறுப்பே இல்லை, ஆனாலும் நோய் தணிந்திருக்கிறது. மருத்துவ நூல்களில் இன்றும் இந்த விளைவு ஹூசேயின் பெயரால் அழைக்கப்படுகிறது.

பிறகு மறுபக்கமாகவும் சோதித்தார்கள். பிட்யூட்டரியின் முன்பகுதியிலிருந்து எடுத்த சாற்றை ஆரோக்கியமான நாய்களுக்குத் தொடர்ந்து செலுத்தினார்கள். கணையம் முழுமையாக இருந்தும் அவற்றுக்குச் சர்க்கரை ஏறியது.

இதிலிருந்து பிட்யூட்டரி ஒரு கெட்ட சுரப்பி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிட்யூட்டரி இல்லாத அந்த நாய்களைப் பட்டினி போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். உணவு இல்லாத நேரத்தில் நம்மைக் காப்பாற்றுவதே அந்த எதிர்ப்பக்க இழுப்புதான். இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் அந்த ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறாமலும் இறங்காமலும் நிற்கிறது. படைப்பின் இந்த மீஸானை, இந்தத் தராசை, அளந்து காட்டியதுதான் ஹூசேயின் சாதனை.

இந்த ஆய்வுகளில் விலங்குகள் துன்பப்பட்டன என்பதையும் நாம் மறக்க வேண்டாம். இன்று மாத்திரையும் ஊசியுமாக நம் வீட்டுப் பெரியவர்கள் நடமாடுவதில் அந்த வாயில்லா உயிர்களுக்கும் பங்கு இருக்கிறது.

எதிர்ப்பக்கம் இழுப்பவர்கள் யார்?

ஹூசேக்குப் பின் வந்த ஆய்வுகள் இந்தக் கயிற்றின் மறுமுனையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக அடையாளம் காட்டின. பிட்யூட்டரியே சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் ஒன்று. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைப் பிட்யூட்டரி தூண்டும்போது அவை வெளியிடும் கார்ட்டிசால் இன்னொன்று. அதே அட்ரினலிலிருந்து அச்சத்தின்போது பாயும் அட்ரினலின் மற்றொன்று. கணையமே சுரக்கும் குளுக்ககானும் இந்த அணியில்தான் இருக்கிறது. சர்க்கரையை இறக்குவதற்கு முதன்மையாக இன்சுலின் என்ற ஒரே ஆள். ஏற்றுவதற்குப் பலர்.

இப்போது காலை நேரத்து 180க்கு வருவோம். இரவுத் தூக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. விடியலுக்கு முன் கார்ட்டிசால் ஏறத் தொடங்குகிறது. உடலை எழுப்பி அன்றைய வேலைக்குத் தயார் செய்யும் ஏற்பாடு இது. இந்தக் கட்டளைகளைக் கேட்டுக் கல்லீரல் தன் கிடங்கைத் திறக்கிறது. ஆரோக்கியமானவருக்கு அதே நேரத்தில் கணையமும் கொஞ்சம் கூடுதல் இன்சுலினை விட்டுச் சமப்படுத்திவிடும். சர்க்கரை நோயாளிக்கு அது முடியாது. எனவே உணவே இல்லாமல் சர்க்கரை ஏறிவிடுகிறது. மருத்துவர்கள் இதை 'விடியல் விளைவு' என்பார்கள்.

காலைச் சர்க்கரை கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. இரவு உணவு பிந்திப் போயிருக்கலாம். இரவில் போடும் மருந்தின் அளவு போதாமல் இருக்கலாம். எது காரணம் என்று அறிய, சில நாட்கள் இரவு மூன்று மணி அளவிலும் சர்க்கரையைப் பார்க்கும்படி மருத்துவர் சொல்லக்கூடும். ஆகவே காலைச் சர்க்கரை கூடினால் அல்வா டப்பாவைத் தேடுவதை விட, ஒரு நோட்டில் தேதியும் நேரமும் போட்டு எண்களை எழுதி மருத்துவரிடம் காட்டுவதே பயன் தரும்.

பதவி பறிக்கப்பட்ட பேராசிரியர்

ஹூசேயின் வாழ்க்கையில் இன்னொரு பாடமும் இருக்கிறது.

1943 ஜூன் மாதம் அர்ஜென்டினாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு அக்டோபரில், நாட்டில் உண்மையான ஜனநாயகம் வேண்டும் என்று கோரும் அறிக்கை ஒன்றில் கல்வியாளர்களும் பொதுவாழ்வில் இருந்தவர்களும் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஹூசேயும் ஒருவர். அரசு, கையெழுத்திட்ட அரசு ஊழியர்களைப் பணியிலிருந்து நீக்கியது. 24 ஆண்டுகள் பாடுபட்டு அவர் கட்டிய நிறுவனத்தின் கதவு ஒரே உத்தரவில் அவருக்கு மூடப்பட்டது. அப்போது அவருக்கு வயது 56.

வெளிநாடுகளிலிருந்து அழைப்புகள் வந்தன. அவருடைய புகழுக்கு எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் இடம் கொடுத்திருக்கும். அவர் போகவில்லை. தம் நாட்டில் அறிவியலை வேரூன்றச் செய்வதே தம் கடமை என்பதில் உறுதியாக இருந்தார்.

ஆனால் ஆய்வுக்கூடம் இல்லாமல் என்ன செய்வது? இங்கேதான் சமூகம் கைகொடுத்தது. சௌபெரான் என்ற தனியார் அறக்கட்டளையின் உதவியோடு 1944 மார்ச்சில் பியூனஸ் அயர்ஸில் ஒரு வீட்டில் 'உயிரியல் மற்றும் பரிசோதனை மருத்துவ நிறுவனம்' தொடங்கப்பட்டது. அவருடைய மாணவர்களும் சகாக்களும் பின்னாலேயே வந்தார்கள். அரசின் சம்பளமும் பெரிய கட்டடமும் இல்லாமலே ஆய்வு தொடர்ந்தது.

1945இல் அவருக்குப் பதவி திரும்பக் கிடைத்தது. பெரோன் ஆட்சிக்கு வந்த 1946இல் மீண்டும் போனது. 1947இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் அந்தத் தனியார் நிறுவனத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். மருத்துவத்துக்கான அந்த ஆண்டுப் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. சர்க்கரை நிர்வாகத்தில் பிட்யூட்டரி முன்பகுதியின் பங்கைக் கண்டறிந்ததற்காக என்று பரிசுக் குழு குறிப்பிட்டது. மறுபாதி, அமெரிக்காவில் பணியாற்றிய கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதிக்கு. கல்லீரலும் தசையும் சேமித்த கிளைகோஜன் எப்படிச் சர்க்கரையாக மாறுகிறது என்பதை விளக்கியவர்கள் அவர்கள். கிடங்கு இயங்கும் விதத்தை அவர்கள் காட்டினார்கள். கட்டளை பிறக்கும் இடத்தை ஹூசே காட்டினார். லத்தீன் அமெரிக்காவிலிருந்து அறிவியலுக்காக நோபல் பெற்ற முதல் மனிதர் அவர்தான்.

ஆசிரியர் விட்டுச்சென்ற அமானத்

ஒரு ஆலிமின் மதிப்பை அவரிடம் ஓதியவர்களைக் கொண்டு அறியலாம் என்பது மதரஸாக்களில் பழகிய பேச்சு. ஹூசேக்கும் இது பொருந்தும்.

அவரிடம் ஆய்வு செய்த லூயிஸ் லெலோயர் என்ற இளம் மருத்துவர், அட்ரினல் சுரப்பிக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பைத் தம் முனைவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஆசிரியர் பதவி நீக்கப்பட்டபோது லெலோயர் அமெரிக்கா சென்று கோரி தம்பதியின் ஆய்வுக்கூடத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடு திரும்பினார். கம்போமார் என்ற துணி ஆலை உரிமையாளர் பணம் கொடுக்க, ஹூசேயின் ஆதரவோடு 1947இல் இன்னொரு சிறிய ஆய்வு நிறுவனம் எழுந்தது. உடல் சர்க்கரையை எப்படிக் கிளைகோஜனாகக் கோக்கிறது என்பதை விளக்கும் வழி அங்கிருந்து திறந்தது. 1970இல் லெலோயருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. மாணவர் பரிசு பெறுவதை 83 வயதில் ஆசிரியர் கண்ணால் பார்த்தார்.

இன்னொரு செய்தி. பல வீடுகளில் சர்க்கரை மாத்திரைக்குப் பக்கத்திலேயே இரத்த அழுத்த மாத்திரையும் இருக்கும். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில் என்ற பெயர்களை மருந்துச் சீட்டில் பார்த்திருப்பீர்கள். இவை ஆஞ்சியோடென்சின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்துகள். இரத்தக் குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் அந்தப் பொருளை 1939 வாக்கில் கண்டறிந்த இரு குழுக்களில் ஒன்று ஹூசேயின் நிறுவனத்தில் இயங்கிய பிரௌன் மெனெண்டஸ் தலைமையிலான குழு. லெலோயரும் அதில் இருந்தார். மற்றது அமெரிக்கக் குழு.

1955இல் பெரோன் ஆட்சி கவிழ்ந்த பிறகு ஹூசேக்குப் பல்கலைக்கழகப் பதவி திரும்பக் கிடைத்தது. 1958இல் நாட்டின் தேசிய அறிவியல் ஆய்வு மன்றம் அமைந்தபோது அதன் முதல் தலைவரானார். 1971 செப்டம்பர் 21இல் இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் பிறந்த ஏப்ரல் 10ஆம் நாளை அர்ஜென்டினா இன்று ஆய்வாளர் நாளாகக் கடைப்பிடிக்கிறது.

ஒரு அறக்கட்டளையும் ஒரு வணிகரும் கொடுத்த பணம், ஆட்சியாளர்களின் கோபத்திலிருந்து ஒரு நாட்டின் அறிவியலைக் காப்பாற்றியது. பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் மருத்துவமனைக்கும் வக்ஃபு செய்த முன்னோரைக் கொண்ட நமக்கு இது புரியாத செய்தி அல்ல. அந்தக் கொடையின் பட்டியலில் ஆய்வுக்கூடத்தையும் ஆய்வு மாணவரின் படிப்புச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய காலம் இது.

நம் வீட்டுக்கு இதனால் என்ன பயன்?

ஹூசே காட்டிய இழுபறியைப் புரிந்துகொண்டால், சர்க்கரை நோய் உள்ள வீடுகளில் எழும் பல குழப்பங்கள் தீரும்.

முதலாவது, காய்ச்சல், தொற்று, அறுவை சிகிச்சை போன்ற நேரங்களில் கார்ட்டிசாலும் அட்ரினலினும் கூடுதலாகச் சுரக்கின்றன. அதனால் சரியாகச் சாப்பிடாதபோதும் சர்க்கரை ஏறலாம். "சாப்பிடவே இல்லையே, மாத்திரை எதற்கு, ஊசி எதற்கு?" என்று நாமாகவே நிறுத்திவிடக் கூடாது. அந்த நாட்களில் அடிக்கடி சர்க்கரையைப் பார்த்து மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஸ்டீராய்டு மருந்துகள். மூச்சிரைப்புக்கும் மூட்டு வலிக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் முதலியவை கார்ட்டிசாலின் வேலையைச் செய்பவை. கொரோனா காலத்தில் உயிர் காத்த இந்த மருந்துகளே பலருக்குச் சர்க்கரையை ஏற்றின. 2021இல் நம் நாட்டில் பரவிய கறுப்புப் பூஞ்சை நோய்க்குக் கட்டுக்கடங்காத சர்க்கரையும் அளவுமீறிய ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்களாக இருந்தன. ஸ்டீராய்டு எழுதித் தரும் மருத்துவரிடம் "எனக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்குவதும், நீண்ட நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

மூன்றாவது, கர்ப்பிணிப் பெண்கள். நஞ்சுக்கொடி சுரக்கும் சில ஹார்மோன்களும் இன்சுலினுக்கு எதிராகவே இழுக்கின்றன. குழந்தைக்குச் சர்க்கரை கிடைக்க உடல் செய்யும் ஏற்பாடு இது. தாயின் கணையத்தால் ஈடுகொடுக்க முடியாதபோது கர்ப்பகால நீரிழிவு வருகிறது. "மருமகள் இனிப்பு தின்றாள், அதனால் வந்தது" என்று மாமியார் சொல்லும் குறையில் நியாயம் இல்லை. பிரசவத்துக்குப் பின் இது பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனாலும் அந்தத் தாய் பிறகும் பரிசோதனையை விடக் கூடாது. பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அவருக்கு அதிகம்.

நான்காவது, நோன்பு. உணவில்லாத நேரத்தில் சர்க்கரையை இறங்கவிடாமல் தாங்குவது எதிர்ப்பக்க ஹார்மோன்களும் கல்லீரலும்தான் என்று பார்த்தோம். இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மருந்தின் இழுப்பு பலமாகிச் சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். அதனால் ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. மீட்டரில் 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நோயாளிக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் சலுகையைப் பயன்படுத்துவது ஈமானின் குறைவு அல்ல.

ஐந்தாவது, கவலையும் தூக்கமின்மையும். மன அழுத்தம் நீடித்தால் கார்ட்டிசாலும் கூடிச் சர்க்கரையும் ஏறும். வீட்டில் தினமும் விசாரணை நடந்தால் நோயாளியின் சர்க்கரை இறங்காது. அவர் எண்ணை மறைக்கக் கற்றுக்கொள்வார். மறைத்த நோய்தான் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் தின்கிறது.

இவ்வளவும் சொன்னதால் உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்சுலின் பக்கம் பலவீனமாக இருப்பவருக்கு ஒவ்வொரு கவளமும் கணக்குதான். பிரியாணியும் இனிப்பும் அளவோடு இருக்க வேண்டும். நடைப்பயிற்சி வேண்டும். மருந்தை நேரத்துக்கு எடுக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் செய்ய வேண்டும். கட்டுப்பாட்டோடு இருந்தும் எண் கூடும் நாட்கள் வரும் என்பதையும், அந்த நாட்களில் நோயாளிக்குத் தேவை மருத்துவரின் ஆலோசனையும் குடும்பத்தின் அன்பும் என்பதையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொண்டால் போதும்.

எல்லோரும் கணையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹூசே மூளையின் அடியில் கிடந்த பட்டாணி அளவுச் சுரப்பியைப் பார்த்தார். காரணத்தை முன்கூட்டியே முடிவு செய்யாமல், சோதித்து, அளந்து, அதன் பிறகே பேசினார். நோயாளியோடு வாழும் குடும்பங்களும் இந்தப் பழக்கத்தைக் கைக்கொள்ளலாம். யார் மீதும் குறை சொல்லும் முன் அளந்து பாருங்கள், எழுதி வையுங்கள், தெரிந்தவரிடம் கேளுங்கள்.

நோயுற்ற நம் பெற்றோருக்கும் உற்றாருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! அவர்களைக் கனிவோடு பராமரிக்கும் பொறுமையை நமக்கும் தருவானாக! ஆமீன்.